பூர்வீக வீட்டில் விருந்தினர் அறைகள்: பங்காளிகளின் சம்மதத்திலிருந்து காலைப் பலகாரம் வரை

என் கணவர் சரக்குக் கப்பல்களில் பொறியாளராக இருந்து, கரைக்கு வந்தபின் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் நடத்தியவர். நான் செவிலியராகத் தொடங்கி, காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணியை முடித்தவள். ஐம்பது வயதைக் கடந்தபின் இருவரும் சென்னையை விட்டுக் காரைக்குடிக்கு அருகிலுள்ள அவருடைய பூர்வீக வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அதில் நான்கு அறைகளைப் படுக்கையும் காலை உணவும் தரும் தங்குமிடமாக மாற்றினோம். இதே எண்ணம் உள்ளவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது அரசு உரிமங்களைப் பற்றித்தான். ஆனால், எங்களுக்கு அதிகக் காலம் பிடித்தது குடும்பத்துக்குள் நடந்த பேச்சு.

செட்டிநாட்டு வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அரிது. வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் மகன்களின் குடும்பங்களுக்கெனப் பிரிந்திருக்க, முகப்பும் வளவும் அடுப்படிக் கட்டும் பொதுவாகவே தலைமுறைகளைக் கடந்து வருகின்றன. எங்கள் பங்கிலுள்ள அறையில் தங்குபவரும் எல்லோருக்கும் பொதுவான முகப்பின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பதால், பங்காளிகள் அனைவரும் எழுதிக் கொடுக்கும்வரை கட்டுமான வேலை எதையும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலுமாக இருந்தார்கள். தொலைபேசியில் பேசியபோது யாரும் மறுக்கவில்லை, யாரும் உறுதியும் தரவில்லை. குடும்பத் திருமணம் ஒன்றுக்கு எல்லோரும் ஊருக்கு வந்தபோதுதான் பேச்சு முழுமையடைந்தது. என் கணவரின் பெரியம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "படைப்பு அன்னைக்கும் வெளியாளு இருப்பாகளா, ஆத்தா?" படைப்பு என்பது முன்னோருக்குக் குடும்பமாகக் கூடிப் படையலிட்டுக் கும்பிடும் நாள். மற்றவர்கள் சொல்லத் தயங்கியதை அவர் வெளிப்படையாகக் கேட்டது எங்களுக்குப் பெரிய உதவி. படைப்பு நாட்களிலும் பங்காளிகள் வீட்டுத் திருமணங்களின்போதும் விருந்தினரை ஏற்பதில்லை, சாமி அறை இருக்கும் பகுதிக்குள் அவர்களை அனுமதிப்பதில்லை, பொதுப் பகுதியின் ஓடு மாற்றும் செலவு எங்கள் வருமானத்திலிருந்து போகும் என்று முத்திரைத்தாளில் எழுதி, அனைவரும் கையெழுத்திட்டோம்.

பிறகு வந்தது குளியலறைப் பிரச்சினை. இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அறையோடு சேர்ந்த குளியலறை என்ற வழக்கம் இல்லை. வளவை ஒட்டிய பழைய சுவர்களை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எனவே வளவுக்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த சாமான் அறைகளைக் குளியலறைகளாக்கி, அவற்றை ஒட்டியிருந்த அறைகளையே விருந்தினருக்கென ஒதுக்கினோம். குழாய் எதையும் சுவருக்குள் புதைக்கக் கூடாது, கை எட்டும் இடத்தில்தான் ஓட வேண்டும் என்பதில் என் கணவர் உறுதியாக இருந்தார். அது கப்பலில் கற்ற பாடம். பூச்சு உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசினால் சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் அடைபட்டுப்போகும் என்பதால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருந்தோம். தரையில் இருப்பவை ஆத்தங்குடிக் கற்கள் எனப்படும், கையால் செய்த சிமெண்ட் பூக்கற்கள்; அவற்றின் மேல் அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் ஒரு துளியும் படக்கூடாது என்பதை வேலைக்கு வருபவர்களிடம் இன்றும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

உரிமங்களைப் பொறுத்தவரை, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பதிவு செய்யலாம். தங்கம், வெள்ளி என இரு தரங்கள் உள்ளன. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் விருந்தினருக்குக் கிடைப்பது சாவி மட்டும்தான். காலை உணவு தருவதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. நாங்கள் பதிவு செய்தபோது சிறு தொழிலுக்கான ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை இணையவழியில் தெரிவிக்க வேண்டும் என்பதால், கடவுச்சீட்டையும் விசாவையும் வந்தவுடனே வாங்கிப் பதிந்துவிடும் பழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன்.

தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கள் ஊர் இருப்பதால், பெரும்பாலோர் ஓர் இரவுதான் தங்குகிறார்கள். அதனால் விரிப்புகளை அன்றாடம் துவைத்து மாற்ற வேண்டியிருக்கிறது; இந்தத் தொழிலின் உண்மையான உடலுழைப்பு அதில்தான் இருக்கிறது, அறை வாடகையைத் தீர்மானிக்கும்போது பலரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மருத்துவமனையில் படுக்கை விரித்த பழக்கம் எனக்கு இங்கே கைகொடுக்கிறது. முந்தின இரவே ஒவ்வாமை, நீரிழிவு, மாத்திரை நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் காலைப் பலகாரத்தை முடிவு செய்வேன். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் பெரும்பாலான நாட்களில் உண்டு; காரம் ஆகாதவர்களுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். கவுனி எனப்படும் கறுப்பரிசியில் செய்யும் இனிப்பு, கேட்பவர்களுக்கு மட்டும், ஏனெனில் அதை ஊறவைக்கவே ஓர் இரவு வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் அறைகள் நிறைந்திருக்கின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் வருவோர் குறைவு. அந்த மாதங்களில் முன்பதிவை நிறுத்திவிட்டு, விடுமுறைக்கு வரும் பங்காளிகளின் பிள்ளைகளுக்கு அறைகளைத் திறந்துவிடுகிறோம். மழைக்காலத்துக்கு முன் மாற்ற வேண்டிய ஓடுகளையும் அப்போதே மாற்றிவிடுகிறோம்.