செங்கல் செலவு யார் தலையில்?

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. அடிபட்டவர் புகார் கொடுக்க மறுக்கிறார். கேட்டால், அடி விழுந்ததில் தனக்குப் பரம சந்தோஷம் என்கிறார். அடித்தது ஓர் எலி, அடிபட்டது ஒரு பூனை, ஆயுதம் செங்கல்.

கிரேஸி கேட் படித்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். படிக்காதவர்களுக்கு: ஜார்ஜ் ஹெரிமன் என்ற அமெரிக்க ஓவியர் 1910இல், தான் வரைந்துகொண்டிருந்த வேறொரு காமிக் ஸ்ட்ரிப்பின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்ப ஒரு பூனையையும் எலியையும் போட்டார். 1913இல் அவை தனித் தொடராயின. 1944இல் ஹெரிமன் இறக்கும்வரை ஏறக்குறைய ஒரே சம்பவம்தான். இக்னாட்ஸ் என்ற எலி, கிரேஸி என்ற பூனையின் மண்டையைக் குறிபார்த்துச் செங்கல்லை விட்டெறியும். பூனை அதைக் காதல் என்று எடுத்துக்கொள்ளும். பூனைமேல் பிரியம் வைத்திருக்கும் ஆபீசர் பப் என்ற நாய் எலியைப் பிடித்து உள்ளே தள்ளுவார். மறுநாள் எலி வெளியே வந்திருக்கும், கையில் இன்னொரு செங்கல் இருக்கும். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுக்கு இது பிடித்திருந்தது, அதனால் பலருக்குப் புரியாமலேயே இத்தனை வருஷம் ஓடியது. ஹெரிமன் போனபின் வேறு ஆளை வைத்து வரையச் சொல்லவும் இல்லை. அந்த ஒரு காரியத்துக்காக ஹெர்ஸ்டுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் பெரியப்பா மகன் வக்கீல். தொகுப்பிலிருந்து தினம் ஒன்றைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவது அவர் வேலை. அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். "ஏம்மா, இந்த பப் எந்தச் சட்டத்துல புடிச்சு உள்ள போடுறார்? புகார் இல்ல, விசாரணை இல்ல, புடிக்கிற அதிகாரிக்கே பாதிக்கப்பட்டவர் மேல ஒரு கண்ணு. நான் போனா முதல் நாளே ஜாமீன்."

அண்ணி நர்ஸ். அவருக்கு ஜாமீனைப் பற்றிக் கவலையில்லை. "முதல்ல அந்தத் தலைய ஸ்கேன் எடுத்தீங்களா? மண்டையில அடிபட்ட ஆளு உடனே சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சா அதுக்குத்தான் நாங்க அதிகமா பயப்படுவோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பழங்கால எகிப்துக் கதை ஒன்று வருகிறது. ஓர் எலி தன் காதல் செய்தியைச் செங்கல்லில் பொறித்து ஒரு பூனையின் தலையில் எறிகிறது. அந்தப் பூனை கிரேஸியின் மூதாதை. இதைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பரம்பரை வழக்கம்! ஆவண சாட்சியமே கிடைச்சிருச்சு!"

நான் தணிக்கை வேலையில் இருப்பவள், என் கண்ணுக்குப் பட்டது வேறு. செங்கல் சும்மா வருவதில்லை. கோலின் கெல்லி என்ற நாய் சூளை வைத்திருக்கிறது, இக்னாட்ஸ் அங்கேதான் போய் வாங்குகிறது. இக்னாட்ஸ் பிள்ளைகுட்டிக்காரர், மூன்று மகன்கள். வருமானம் என்னவென்று எங்கேயும் காணோம். இன்னொன்று, எறிந்த செங்கல் உடைவதில்லை. தலையில் பட்டு முழுசாகத்தான் எகிறுகிறது. விழுந்ததைப் பொறுக்கி மறுபடியும் எறிய வேண்டியதுதானே, ஏன் ஒவ்வொரு முறையும் புதுச் செங்கல்? இதை நான் முறையான தணிக்கை ஆட்சேபமாகவே எழுதி அனுப்பினேன், "இருப்பு சரிபார்க்கப்படவில்லை" என்ற வரியோடு.

இதற்கெல்லாம் அக்கா மகன் ஒரே வரியில் வைத்தான் வேட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கிறான், வாயே திறக்காத பிள்ளை. "சித்தி, அந்த ஜெயிலே செங்கல்லதான கட்டியிருக்கு?"

போய்ப் பார்த்தால், ஆமாம்! அத்தனை வருஷமாக பப் அந்தக் குற்றவாளியைக் கொண்டுபோய் ஆயுதக் கிடங்கில்தான் அடைத்திருக்கிறார். அன்று முழுக்க அண்ணனிடமிருந்து பதிலே இல்லை.

என் கல்லூரித் தோழி ஒருத்தி சர்வேயர். அவள் கதையைப் படிப்பதே இல்லை என்றுதான் நினைக்கிறேன், பின்னணியை மட்டும் பார்ப்பாள். ஹெரிமன் வரையும் கோகோனினோ பாலைவனத்தில் நிலம் நிலையாக நிற்காது. பூனையும் எலியும் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கும். முதல் கட்டத்தில் பின்னால் ஒரு மொட்டைப் பாறை மலை, அடுத்த கட்டத்தில் அதே இடத்தில் தொட்டியில் வைத்த மரம், அதற்கடுத்த கட்டத்தில் இரவு வந்து நறுக்கிய பழத்துண்டு போல ஒரு நிலா. எங்களுக்கு அது அழகு. அவளுக்கு அது தொழில் மோசடி. "எல்லைக்கல்லு நட்டவன் எவன்? அவனை முதல்ல சஸ்பெண்ட் பண்ணு" என்பாள்.

சிரித்துக்கொண்டே சொன்னால் இதெல்லாம் எடுபடாது. நாங்கள் யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை, ஆனால் பழக்கத்தில் ஒன்று படிந்துவிட்டது. பெரிய பைத்தியக்காரத்தனத்தை வாய் பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் ஏதாவது ஒரு சில்லறை விவரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் சண்டை போட வேண்டும். எலி பேசலாம், நாய் போலீசாக இருக்கலாம். ஆனால் செங்கல்லுக்கு ரசீது எங்கே?

கேரி லார்சன் 1980 முதல் 1995 தொடக்கம் வரை வரைந்த தி ஃபார் சைட் என்ற ஒற்றைக் கட்டக் கார்ட்டூனின் வாசகர்கள் இதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர்கள். ஒரு படத்தில் கொசு ஒன்று நாள் முழுக்க ஊரெல்லாம் நோய் பரப்பிவிட்டு அலுப்போடு வீட்டுக்குத் திரும்புகிறது, மனைவியிடம் புலம்புகிறது. கடிதங்கள் வந்து விழுந்தன: கடிப்பது பெண் கொசு, ஆண் கொசு அல்ல! கொசுவுக்கு வீடு இருப்பதையும் துணிமணி இருப்பதையும் யாரும் கேட்கவில்லையே என்று லார்சன் பின்னால் வியந்திருக்கிறார். எனக்கு இதில் வாசகர் கட்சிதான். அவர்கள் படத்தைத் தப்பாகப் படிக்கவில்லை, அந்த வீட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டார்கள்.

எல்லோராலும் அப்படிக் குடியேற முடிவதில்லை. 1982இல் லார்சன் ஒரு பசுவை வரைந்தார். அது இரண்டு காலில் நிற்கிறது, முன்னால் மேசை, மேசைமேல் உருப்படாத நான்கு சாமான்கள். கீழே 'பசுவின் கருவிகள்' என்று மட்டும் எழுதியிருந்தது. நான்கில் ஒன்று கொஞ்சம் ரம்பம் போலிருந்ததுதான் வினை. அது ரம்பம் என்றால் மற்ற மூன்றும் என்ன என்று ஜனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடிதம், தொலைபேசி, பத்திரிகைக்காரர்கள். கடைசியில் லார்சனே விளக்க அறிக்கை விட வேண்டியதாயிற்று. பசு கருவி செய்தால் இந்த லட்சணத்தில்தான் இருக்கும், அவ்வளவுதான் ஜோக். அந்த ஒன்றை ரம்பம் மாதிரி வரைந்திருக்கக் கூடாது என்று பிறகு வருத்தப்பட்டார்.

அதே 1982இல் வந்த இன்னொரு படத்தில் ஒரு குகை மனிதர் மற்ற குகை மனிதர்களுக்குப் பாடம் எடுக்கிறார். ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் வாலில் முள் இருக்கும் பகுதிக்கு, அதனிடம் அடிபட்டுச் செத்த தாக் என்பவரின் நினைவாக, தாகோமைசர் என்று பெயராம். மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே அந்த விலங்கு அழிந்துபோனது. இருந்தாலும் அந்தப் பகுதிக்குத் தனிப் பெயர் எதுவும் இல்லாமல்தான் இருந்தது. 1993இல் கென் கார்பென்டர் என்ற தொல்லுயிரியலாளர் ஒரு புதைபடிவத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரையே எடுத்துப் போட்டார். இன்று விஞ்ஞானிகள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள். கேலிக்குப் பதில் கேலி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எங்களோடு நடுவில் ஒரு நண்பர் சேர்ந்தார். விவரமானவர். வந்த அன்றே, செங்கல் எதன் குறியீடு, பாலைவனம் எதன் குறியீடு, டாடாயிசம் என்ற கலை இயக்கத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று பத்தி பத்தியாக எழுதி அனுப்பினார். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். நாள் பூராவும் ஒருவரும் பேசவில்லை. இரவு அண்ணி மட்டும் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, ஸ்கேன் ரிப்போர்ட் எங்க?" நண்பருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "கோகோனினோல ஸ்கேன் சென்டரே இல்லீங்க. நேத்து இருந்த இடத்துல இன்னைக்குப் பாறை இருக்கு." ஆள் தேறிவிட்டார்.

இந்த வாரம் நிலைமை எனக்குப் பாதகம். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு சர்வேயர் தோழி என் ஆட்சேபத்துக்கு மறுப்பு எழுதியிருக்கிறாள். நிலம் கட்டத்துக்குக் கட்டம் இடம் மாறுவதால் விழுந்த செங்கல்லைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஆகவே தினமும் புதுச் செங்கல் வாங்குவது நியாயமான செலவு என்கிறாள். அண்ணன் உடனே அதை எலித் தரப்புச் சான்றாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை. நிலம் நகர்ந்ததற்குத் தகுதியுள்ள அதிகாரியிடமிருந்து சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "தகுதியுள்ள அதிகாரி நான்தான்டி" என்று பதில் வந்திருக்கிறது. சஸ்பெண்ட் பண்ணச் சொன்னாளே, அந்த அதிகாரியும் இவளேதானா என்று அக்கா மகன் கேட்கிறான்.