வெர்ஜேஸ் ஊற்றும் கார்பன் ஃபில்டரும்

கேன் தண்ணீர் ஆலையில் கெமிஸ்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கார்பன் ஃபில்டர், அதாவது கரி நிரப்பிய வடிகட்டி பற்றிப் பாடம் எடுத்த பெரியவர் ஒருவர் வெர்ஜேஸ் என்ற ஊரைச் சொன்னார். தெற்கு பிரான்சில் நீம் நகருக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். பச்சைப் பாட்டிலில் வருமே, குமிழி விடும் பெரியே தண்ணீர், அது அங்கிருந்துதான் வருகிறது. அன்றிலிருந்து அந்த ஊற்றைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். அதன் வரலாற்றில் எங்கள் வேலை முழுக்க இருக்கிறது.

அந்த ஊற்று தூரத்திலிருந்து பார்த்தால் கொதிப்பதுபோல் இருக்குமாம். தொட்டால் குளிர்ந்த தண்ணீர். பூமிக்கடியிலிருந்து கரியமில வாயு ஏறி வருவதால் அப்படிப் பொங்குகிறது. 1863இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இதைக் கனிம நீராகப் பயன்படுத்த அனுமதி கொடுத்தார். அப்போது அங்கே குளியல் வைத்தியம்தான் நடந்தது. 1898இல் நீம் நகர மருத்துவர் லூயி பெரியே ஊற்றை வாங்கினார். சில வருடங்களில் அது சென்ட் ஜான் ஹாம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பத்திரிகைத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த குடும்பத்துப் பிள்ளை. அவர் குளியல் வைத்தியத்தை மூடிவிட்டு, இனி பாட்டில் மட்டும்தான் என்று முடிவெடுத்தார். பெயரை மட்டும் மருத்துவருடையதாகவே விட்டார்.

1906இல் ஒரு கார் விபத்தில் ஹாம்ஸ்வொர்த்துக்குக் கால்கள் செயலிழந்தன. கைகளுக்கு வலு சேர்க்க அவர் சுழற்றிப் பழகியது, ஆங்கிலேயர் இந்தியாவில் பார்த்துக் கற்றுத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோன கர்லாக்கட்டை. பாட்டிலுக்கும் அதே வடிவத்தைக் கொடுத்தார் என்கிறார்கள். அடி பருத்து மேலே ஒடுங்கும் அந்தப் பச்சைப் பாட்டிலை அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், தெரியும்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். வெர்ஜேஸில் தண்ணீரையும் வாயுவையும் தனித்தனியாக எடுத்து, பாட்டிலில் அடைக்கும்போது மறுபடி சேர்க்கிறார்கள். பூமிக்கடியில் இருந்து வரும் அந்த வாயுவில் இயற்கையாகவே கொஞ்சம் பென்சீன் கலந்திருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதைப் பிடித்து நிறுத்துவது கரி.

எங்கள் ஆலையில் அந்தக் கரிக்கு வேறு வேலை. மூலத் தண்ணீரில் போட்ட குளோரினை அது எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து இருக்கிற ஆர்.ஓ. மெம்பிரேன், தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வு, வீணாகிவிடும். கொட்டாங்குச்சியைச் சுட்டுச் செய்த கரிதான், மூட்டையாக வரும். டேங்கில் கொட்டும்போது பறக்கிற தூசி மூக்குக்குள் போய், மறுநாள் சளியும் கறுப்பாக வரும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு பேக்வாஷ் செய்யச் செய்ய, முதலில் மை மாதிரி வெளியேறுகிற தண்ணீர் மெதுவாகத் தெளியும். அப்புறம் அது தன் பாட்டுக்கு வேலை செய்யும். கரியின் துளைகளுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அது நிறைந்துவிட்டால் வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. தண்ணீர் அதே தெளிவில் வரும், பிரஷர் கேஜ் அதே அளவைக் காட்டும். சோதனைக் குழாயில் டி.பி.டி. மாத்திரையைப் போட்டு, தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்த்தால்தான் குளோரின் தப்பி வருவது தெரியும். பார்க்காதவனுக்குத் தெரியவே தெரியாது.

1990இல் வெர்ஜேஸில் நடந்ததும் அதுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் மெக்லன்பர்க் கவுண்டி ஆய்வகத்தில் பெரியேயைச் சுத்தமான தண்ணீருக்கு அளவுகோலாக வைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தத் தண்ணீரிலேயே பென்சீன் இருப்பதாகக் கருவி காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. நூறு கோடியில் 5 பங்கு என்பது அங்கே வரம்பு. பாட்டில்களில் 12 முதல் 20 வரை இருந்தது. குடித்தவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் உலகம் முழுக்கச் சுமார் 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கரி ஃபில்டர்களை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றவில்லை என்பதுதான் காரணம்.

இந்தக் காரணத்தை முதல் நாளே சொல்லவில்லை என்பதுதான் என் மனதை இன்னமும் அறுக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் பாட்டில்களை நிரப்பும் லைனில் மட்டும் ஒரு தொழிலாளி இயந்திரத்தைத் துடைக்கத் தவறான திரவத்தைப் பயன்படுத்திவிட்டார் என்பதுதான் முதலில் வந்த விளக்கம். ஐரோப்பாவில் விற்ற பாட்டில்களிலும் பென்சீன் இருப்பது தெரிந்த பிறகுதான் ஃபில்டர் பற்றிய உண்மை வெளியே வந்தது. நடுவில் கழிந்த அந்தச் சில நாட்கள் வெர்ஜேஸில் துணியும் கையுமாக லைனில் நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கேன் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. விசாரிக்கும் முன்பே, கேன் கழுவும் பையன்தான் எதையோ ஊற்றிவிட்டான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பையன் என்னிடம் வந்து, "சார், நான் சோப்புத் தண்ணியத் தவிர எதையும் தொடல சார்" என்றான். அதே பேட்ச்சில் எடுத்து வைத்திருந்த மாதிரியைத் திறந்து பார்த்தேன், வாடையே இல்லை. ஏஜென்ட் கடைக்குப் போனால், கேன்கள் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. பிளாஸ்டிக் வழியாக வாடை ஏறிவிடும். பையனுக்கு வேலை தப்பியது. ஆனால் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. எனக்கு அது இன்றும் கோபம்தான்.

வெர்ஜேஸ் ஆலை 1992இல் நெஸ்லே கைக்குப் போனது. கதை அங்கே முடியவில்லை. ஐரோப்பியச் சட்டப்படி, இயற்கைக் கனிம நீர் என்று விற்பதைக் கிருமி நீக்கம் செய்யக் கூடாது. ஊற்றிலேயே அது சுத்தமாக இருக்க வேண்டும். நாங்கள் விற்கிற பாக்கேஜ்டு குடிநீர் அப்படியில்லை, ஆர்.ஓ., யு.வி., ஓசோன் என்று எல்லாம் தாண்டித்தான் வெளியே வருகிறது. 2024 ஜனவரியில், அங்கே தடை செய்யப்பட்ட யு.வி., கார்பன் முறைகளைத் தன் கனிம நீரில் பயன்படுத்தியதை நெஸ்லே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, கனமழைக்குப் பிறகு ஒரு கிணற்றில் மலக்கழிவுக் கிருமிகள் தெரிந்ததால் வெர்ஜேஸில் குறைந்தது 20 லட்சம் பாட்டில்கள் அழிக்கப்பட்டன.

மேலே வயலும் வீடும் பெருகி, மழையும் தாறுமாறாகப் பெய்யும்போது எந்த ஊற்றும் 1863இல் இருந்த மாதிரி இருக்காது. லைனில் நிற்பவர்களால் அதைத் தடுக்கவும் முடியாது. இப்போது அங்கே சில கிணறுகளின் தண்ணீரை இயற்கைக் கனிம நீர் என்று சொல்லாமல், மெசோன் பெரியே என்ற வேறு பெயரில் பானமாக விற்கிறார்கள். அதற்குச் சுத்திகரிப்புத் தடை கிடையாது. பழைய பெயருக்கு இது இறக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கிணறுகளில் வேலை பார்க்கும் கெமிஸ்ட், தான் போட்ட ஃபில்டரை இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில் மாற்றினோம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடலாம்.