குளத்துக்கு ஃபில்டர்: ஜல்லியும் கல்வாழையும்

பாளையங்கோட்டை வீட்டுப் பின்கட்டில் என் மீன் குளம் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம். கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 2,260 லிட்டர்.

முதலில் பார்த்தது யுவி (புற ஊதா) விளக்கு வைத்த பிரஷர் ஃபில்டர், அதாவது தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும் மூடிய டப்பா. பச்சைத் தண்ணீரைத் தெளியவைப்பதில் யுவி கெட்டிக்காரன்தான். ஆனால் மீன் கழிவின் அம்மோனியாவை அது தொடாது. அதைத் தின்பவை ஃபில்டருக்குள் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இரண்டுக்கும் ஆக்சிஜன் ஓயாமல் வேண்டும். கரண்ட் போனால் மூடிய டப்பாவுக்குள் அவை தவித்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் மோசம்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான்.

அதனால் ஜல்லித் தொட்டிக்கே வந்தேன். குளத்தைவிட உயரமாக, நாலடிக்கு இரண்டடி. அதாவது குளத்துப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அடியில் துளையிட்ட பிவிசி குழாய், மேலே ஓரடி ஜல்லி, அதில் கல்வாழையும் வசம்பும். தண்ணீர் கீழிருந்து ஏறி, வழிந்து குளத்துக்கே திரும்பும். நைட்ரேட்டை வேர்கள் எடுத்துக்கொள்ளும்.

கல்லை மட்டும் பார்த்து வாங்குங்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் அதிகம். தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான். அது கரைந்தால் தண்ணீரில் காரம் ஏறும், காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்த கல்லை ஒதுக்கி, கருங்கல் ஜல்லியே போட்டேன்.

மோட்டார் வாங்கப் போனபோது கடை அண்ணாச்சி, "எத்தனை லிட்டர்னு கேக்கியளே, எத்தனை அடி தூக்கணும் தம்பி?" என்றார். சரியான கேள்வி. அட்டையில் போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. இரண்டு மணி நேரத்துக்குள் குளம் முழுக்க ஒருமுறை சுற்றிவர வேண்டும் என்று மணிக்கு 2,000 லிட்டர் மோட்டார் எடுத்தேன். தொட்டி உயரத்தில் 20 லிட்டர் வாளி 50 விநாடியில் நிறைகிறது. மணிக்கு 1,440 லிட்டர், தாராளம்.

ஜல்லியில் பாக்டீரியா சீக்கிரம் குடியேற, நண்பரின் மீன்தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்சை அதற்குள் புதைத்தேன். அம்மோனியா முதலில் ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட். இப்போது டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூஜ்யம். அடித்தரை தெரிகிறது! ஓரத்தில் நூல்பாசி இன்னும் இருக்கிறது. அல்லி இலைகள் பாதிப் பரப்பை மூடினால் குறையும்.

ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுகிறேன், குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அடுத்து, அடியில் சேரும் சகதியை உறிஞ்சி எடுக்க, தொட்டி மூலையில் நாலங்குலக் குழாய் ஒன்றை நட்டுவைக்கப் போகிறேன்.