வயிற்றுத் தையலும் தொடைப் பட்டையும்

"ஆறு வாரம் கழிச்சு எல்லாம் பண்ணலாம்னு டாக்டர் சொல்லிட்டார். குதிக்கலாமா?" வயிற்று அறுவைக்குப் பிறகு ஸ்கைடைவிங்குக்கு (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதற்கு) திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். டாக்டர் சொன்ன அந்த 'எல்லாம்' என்பதில் மாடிப்படி உண்டு, மளிகைப் பை உண்டு, ஜிம்கூட இருக்கலாம். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் உடம்பைச் சில வினாடிகளில் பாராசூட் பிடித்து நிறுத்துவது அதில் இருக்காது. அப்படி ஒன்று இருக்கிறது என்று நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

குடை, அதாவது பாராசூட், ஒழுங்காக விரிந்தால் உடம்பில் 3 முதல் 5 ஜி வரை (நம் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு) விசை ஏறும். 70 கிலோ ஆள், 12 கிலோ ரிக் (முதுகில் மாட்டும் குடைப் பையும் பட்டைகளும்), 4 ஜி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 330 கிலோ எடை ஒரு கணம் ஹார்னஸில், அதாவது உடம்பைக் கட்டியிருக்கும் பட்டைகளில், தொங்குகிறது. படாரென்று விரியும் சமயத்தில் 10 ஜியைத் தாண்டிய அளவீடுகளும் உண்டு. இந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது இரண்டு தொடைப் பட்டைகள். நின்றபடி இறுக்கும்போது பட்டை தொடையின் மேல்பகுதியில்தான் இருக்கும். காற்றில் தொங்கும்போது அது மேலேறித் தொடையிடுக்கின் மடிப்பில் உட்காரும். குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) திறந்து செய்த அறுவையின் தழும்பு அந்த மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, அதே சாய்வில் ஓடுகிறது. ஒரு கண்ணாடி முன் ரிக்கை மாட்டி, முழங்காலை மடக்கிப் பாருங்கள். பட்டையின் மேல்விளிம்பு தழும்பைத் தொடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். தொட்டால், அந்த இடம் விரலால் அழுத்தினாலும் வலிக்காத நிலைக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பட்டைக்கு அடியில் பஞ்சோ துணியோ வைத்துச் சமாளிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பட்டை நழுவி இடம் மாறினால் அது வேறு ஆபத்து.

விழும்போது வயிற்றின் நிலையையும் கவனிக்க வேண்டும். இடுப்பை முன்னுக்குத் தள்ளி, மார்பைத் தூக்கி, உடம்பை வில்லாக வளைத்து விழுகிறோம். வயிற்றுச் சுவர் முழுக்க நீண்டு இழுபட்டிருக்கிறது. குடை விரிந்ததும் கால்கள் கீழே வீசப்படும், மூச்சு தானாக அடைபடும், வயிறு இறுகும். இழுபட்டிருந்த சுவர், அடுத்த நொடியே உள்ளிருந்து எழும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். பலவீனமான இடம் எங்கிருந்தாலும் அங்கேதான் அது புடைக்கும்.

காலக்கணக்கில் பலரும் ஏமாறுவது தோலைப் பார்த்துத்தான். தோல் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். வயிற்றைக் கட்டிப் பிடித்திருப்பது தோல் இல்லை, அதற்கு அடியிலுள்ள தசையுறை. மூன்றாம் வாரத்தில் காயத்தின் வலு பழைய வலுவில் கால்பங்கைத் தாண்டாது. ஆறாம் வாரத்தில் பாதி. மூன்று மாதத்தில் முக்கால் பங்கு சொச்சம். முழுவதும் திரும்புவதே இல்லை. இதோடு தையல்நூலின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தசையுறையைத் தைக்கப் பரவலாகப் பயன்படும் பாலிடயாக்ஸனோன் நூல் வாரத்துக்கு வாரம் வலுவை இழந்துகொண்டே போகிறது. நூல் தளர்ந்துவிட்ட, தசை இன்னும் தேறாத அந்த இடைவெளியில்தான் வலி அடங்கி, "இப்ப நல்லா இருக்கு" என்ற நினைப்பு வருகிறது.

சிறு துளைகள் வழியாகச் செய்த (லேப்ராஸ்கோப்பி), சிக்கலில்லாத குடல்வால் அறுவை என்றால் எட்டு வாரத்துக்கு முன் விமானத்தில் ஏறாதீர்கள் என்பது என் கணக்கு. தொப்புளில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் துளை போட்டிருந்தால் அது தனியாகத் தைக்கப்பட்டதா என்று கேளுங்கள், பின்னாளில் இறக்கம் வருவது பெரும்பாலும் பெரிய துளைகளில்தான். பலவீனமான இடத்தைத் தாங்க வலை வைத்துத் தைத்த தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். சிசேரியன் என்றால் குறைந்தது மூன்று மாதம், அதுவும் நடுவயிற்றில் இரு தசைகளுக்கும் இடையே பிளவு மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகு. வயிற்றை நெடுக்காகக் கீறிச் செய்த பெரிய அறுவைக்கும், பழைய தழும்பில் வந்த இறக்கத்தைச் சரிசெய்ததற்கும் ஆறு மாதம். காயத்தில் சீழ் பிடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, மருத்துவரிடமிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

மருத்துவரிடம் "குதிக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் பயந்து வேண்டாம் என்பார், அல்லது சிரித்துவிட்டுச் சரி என்பார். எண்களோடு போங்கள். தொடையிடுக்கில் பட்டை, ஓரிரு வினாடிக்கு 4 ஜி, மோசமானால் 10, முதுகில் 12 கிலோ, தரையிறங்கும்போது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அளவுக்கு அடி. பிறகு கேளுங்கள்: தசையுறை எந்த நூலால் மூடப்பட்டது, வலை எந்த அடுக்கில் இருக்கிறது, எதனால் பொருத்தப்பட்டது, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இன்னும் ஓடுகிறதா. அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிராப்ஸோனில் (குதிப்பு நடத்தும் மைதானத்தில்) யாரும் உங்களைத் தடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் யூஎஸ்பிஏ என்ற பாராசூட் சங்கத்தின் விதிப்படி, விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏவின் மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றோ மருத்துவர் கடிதமோ இல்லாவிட்டாலும், நலமாக இருக்கிறேன் என்று நீங்களே கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் கொடுக்க வேண்டியது நீங்கள்தான். இடைவெளிக்கான அவர்களின் பரிந்துரை வேறு: தொடக்கநிலை ஏ உரிமம் உள்ளவர் 60 நாள், பி உள்ளவர் 90 நாள், சி, டி உள்ளவர்கள் ஆறு மாதம் குதிக்காமல் இருந்தால் மேற்பார்வையில் ஒரு மீள்பழக்கக் குதிப்பு செய்யச் சொல்கிறது. அறுவைக்குப் பின் நாள் கணக்கு தாண்டாவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள். ரிசர்வ் குடையின் (முதல் குடை கைகொடுக்காவிட்டால் விரிக்கும் மாற்றுக் குடை) 180 நாள் மறுமடிப்புத் தேதியும் இதற்குள் கடந்து போயிருக்கலாம், அட்டையைப் பாருங்கள்.

தரையில் சோதித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. மல்லாந்து படுத்து, தழும்பின்மேல் விரல் வைத்து, பலமாக இருமுங்கள். விரலுக்கு அடியில் எதுவும் தட்டக் கூடாது. இரண்டு காலையும் நீட்டியபடி ஒரு சாண் தூக்கிப் பத்து எண்ணுங்கள். வயிற்றின் நடுவில் கூம்பாக மேடு எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. கம்பியில் அரை நிமிடம் தொங்குங்கள். ரிக்கை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்து முறை. ட்வின் ஆட்டர் விமானத்தில் பெஞ்சிலிருந்து எழுவதும், சிறிய செஸ்னா விமானத்தில் தரையிலிருந்து எழுவதும் இதைவிடச் சிரமம். கடைசியாகப் பயிற்சி ஹார்னஸில் தொங்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம். அடுத்த நாள் காலையில் வலி கூடாமல் இருந்தால்தான் தேர்ச்சி. அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்த படி காற்றுச் சுரங்கம், கீழிருந்து வீசும் காற்றில் உடம்பை மிதக்கவிடும் கூடம். கலிஃபோர்னியாவின் பெரிஸிலும் அரிசோனாவின் எலோயிலும் டிராப்ஸோனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடை விரியும் அதிர்ச்சி இல்லாமல் வில் நிலையை மட்டும் தனியாகச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ ஒரு குதிப்பின் வீழ்ச்சி நேரம். முதல் நாள் நான்கு நிமிடம், குப்புற நிலை மட்டும். உட்கார்ந்த நிலை, தலைகீழ் நிலை இரண்டும் பிறகு.

குடை மடிப்பதை யாரும் அறுவையோடு சேர்த்து யோசிப்பதில்லை. மண்டியிட்டு, துணியின் காற்றை உடம்பு எடையால் பிழிந்து, பைக்குள் திணித்து, கண்டெய்னரை மூடக் கயிற்றை மூச்சடக்கி இழுக்கிற அந்தப் பத்து நிமிடம், வானத்தில் இருக்கும் நேரத்தைவிட வயிற்றுக்கு அதிக வேலை கொடுக்கிறது. முதல் ஐந்தாறு குதிப்புக்கு மடிப்பவருக்குக் காசு கொடுத்துவிடுங்கள். ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள், ஏனென்றால் படாரென்று விரிவதன் காரணங்களில் முக்கியமானவை இங்கே இருக்கின்றன. குடையின் கயிறுகளில் (லைன்களில்) மெல்ல இறங்கி, விரிவதைத் தாமதப்படுத்தும் துணி ஸ்லைடர். அதன் நான்கு வளையங்களும் மேலே நிறுத்திகளைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஓர் அங்குலம் கீழே இறங்கியிருந்தாலும் காற்று சீக்கிரம் புகுந்து குடை ஒரேயடியாகத் திறக்கும். ஸ்லைடர் துணியின் முன்பக்கத்தை வெளியே இழுத்து விரித்து வையுங்கள். லைன் கட்டுகளின் ரப்பர் தளர்ந்திருந்தால், லைன்கள் நீளுமுன்பே பை திறந்துகொண்டு துணி காற்றைப் பிடித்துவிடும். அப்போது விழும் அடி எலும்பு வரைக்கும் உறைக்கும். மாதக்கணக்கில் பூட்டி வைத்த ரிக்கில் ரப்பர் காய்ந்து போயிருக்கும், எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள்.

எந்தக் குடை என்பதும் முக்கியம். 'சேபர் 1' என்ற பழைய குடை கடினமாகத் திறப்பதற்குப் பேர்போனது, அதை இரவல் வாங்காதீர்கள். ஸ்பெக்டர், பைலட் என்ற குடைகள் மாதிரி மெதுவாகத் திறப்பவை கிடைத்தால் நல்லது. உங்களுடையதைவிட ஒன்றிரண்டு அளவு பெரியதாக, குடையின் ஒரு சதுர அடிக்கு, ரிக்கோடு சேர்த்த உங்கள் எடை ஒரு பவுண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் குதிப்பில் தனியாக, அல்லது ஒரே ஒரு பயிற்றுநரோடு போங்கள். செஸ்னாவின் இறக்கைத் தாங்கியில் தொங்கி வெளியேறுவது வயிற்றை இழுக்கும், கதவில் நின்று அப்படியே விலகுவதே நல்லது. 13,000 அடியில் வெளியேறி, 5,000 அடியில் பைலட் சூட்டை (பெரிய குடையை வெளியே இழுக்கும் சிறு குடையை) வீசுங்கள். விரிக்குமுன் ஐந்து வினாடியாவது வேகத்தைக் குறைத்து, அகலமாக, தட்டையாக இருங்கள். உடம்பை நீட்டி முன்னோக்கிப் பறந்த வேகத்திலேயே விரித்தால் மேலே சொன்ன மடிப்பு ஜாக்கிரதையெல்லாம் வீண். 13,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான், குடலிலுள்ள வாயு ஒன்றரை மடங்குக்கு மேல் பருக்கும். முந்தின இரவு பருப்பும் சோடாவும் வேண்டாம், மலச்சிக்கல் இருந்தால் அன்றைக்குக் குதிக்க வேண்டாம்.

இத்தனை ஏற்பாடும் நல்லபடியாகப் போகும் குதிப்புக்கு. உங்கள் வயிறு தயாராக இருக்க வேண்டியதோ அன்றைக்கு நேரக்கூடிய மிக மோசமான குதிப்புக்கு. லைன் முறுக்கிக்கொண்டால் ரைஸர்களை (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டைகளை) விலக்கிப் பிடித்து, காலை உதைத்து, இடுப்பைத் திருப்பி அவிழ்க்க வேண்டும். பக்கவாட்டு வயிற்றுத் தசைகள் முழுப் பலத்தோடு சுருளும் வேலை அது. அப்போது வலியால் ஒரு வினாடி தயங்கினால் உயரம் போய்க்கொண்டே இருக்கும். கட்அவே செய்தால், அதாவது கோளாறான குடையைக் கழற்றிவிட்டால், அடுத்து விரிவது ரிசர்வ், அது சீக்கிரம் திறக்கவே வடிவமைக்கப்பட்டது, மெதுவாகத் திறக்கும்படி கேட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்கத் தரவிதிப்படி ரிசர்வ் கைப்பிடியை இழுக்க 22 பவுண்டு வரை விசை தேவைப்படலாம், கிட்டத்தட்ட பத்து கிலோ. வலது கையால் கட்அவே, இடது கையால் ரிசர்வ் என்று, தரையில் ஹார்னஸில் தொங்கியபடி இருபது தடவை இழுத்துப் பாருங்கள். இடதுபக்கத் தழும்புள்ளவர்கள் இழுக்கும்போது உடம்பை அந்தப் பக்கமே குறுக்கிக்கொள்வதைப் பார்க்கலாம். குறுகினால் அந்தக் குதிப்பைத் தள்ளிப் போடுங்கள்.

தரையிறங்க, மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் காற்றுள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்றே இல்லாவிட்டால் ஓட வேண்டி வரும், அதிகமானால் குடை இழுத்துக்கொண்டு போகும். காலைச் சேர்த்து, பாதம், கெண்டை, தொடை, இடுப்பு, தோள் என்று உருள்வதைப் புல்லில் பழகியிருங்கள்.

"அதுக்குப் பதிலா முதல்ல ஒரு டேண்டம் போய்ப் பாக்கறேன்" என்பவர்கள் உண்டு. பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பயணியாகக் குதிப்பது அது. அப்படிப் போனால் தரையிறங்கும்போது இரண்டு காலையும் நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். வயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் அதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. தூக்க முடியாமல் கால் தரையில் மாட்டினால் அடிபடுவது இரண்டு பேர். தரையில் பத்து எண்ணும் அந்தச் சோதனை தேறாதவருக்கு டேண்டமும் கிடையாது.

முதல் நாள் ஒரே ஒரு குதிப்போடு நிறுத்துங்கள். அன்று இரவும் மறுநாள் காலையும் மல்லாந்து படுத்து, தழும்பில் விரல் வைத்து இருமிப் பாருங்கள். புதிதாக ஒரு புடைப்பு தட்டினால், இருமல் நின்றதும் அது உள்ளே போய்விட்டாலும், அறுவை செய்தவரைப் பார்க்கும்வரை ரிக்கைத் தொடாதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அறுவைக் குறிப்பின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு.