பாட்டியின் மூன்று ‘பே’

போன வாரம் ஒப்புகைக் கடிதம் வந்தது. என் ஹெத்தெயின் குரல் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு மொழி ஆவணக் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. ஹெத்தெ என்றால் நீலகிரியில் நாங்கள் பேசும் படுகு மொழியில் பாட்டி. இரண்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒன்றேகால் வருடம் இழுத்தது. வீட்டுப் பெரியவர்களின் பேச்சைப் பதிந்து வைக்க நினைக்கிறவர்கள் நான் விழுந்த பள்ளங்களிலேயே விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பள்ளம், மொழியின் பெயர். நல்ல ஒலிப்பதிவுக் கருவி இரவல் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கோத்தகிரியிலிருந்து மலையிறங்கி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் மொழி என்ற இடத்தில் ‘படுகு’ என்று எழுதியிருந்தேன். எழுத்தர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி, இது கன்னடத்துக்குள்ள வருது. கன்னடப் பிரிவுல போய்க் கேளுங்க.” அந்தப் பிரிவு வேறொரு கட்டடத்தில். அங்கே போனால், “இது நீலகிரியில பேசுறதுதானே, அங்கேயே பார்த்துக்கலாமே” என்றார்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடும் போச்சு, கடைசிப் பேருந்தும் போச்சு.

எழுத்தரைச் சொல்லியும் குற்றமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படுகைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 1,33,000 பேர். அத்தனை பேரையும் கன்னடத்தின் கீழ்தான் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுபோனேன். உலக மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு கொடுக்கும் ஐஎஸ்ஓ 639-3 பட்டியலில் படுகுக்குத் தனிக் குறியீடு உண்டு: பிஎஃப்க்யூ. அதை மேசையில் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. உங்கள் மொழியையும் யாராவது ‘வட்டார வழக்குதானே’ என்று சொன்னால், வாதம் செய்யாதீர்கள். அந்த மூன்றெழுத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்.

மொழி விஷயத்தில் ஜெயித்தேன், கருவி விஷயத்தில் தோற்றேன். அழியும் மொழிகளுக்காக மத்திய அரசு 2013இல் தொடங்கிய திட்டம் ஒன்று மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அது 10,000 பேருக்கும் குறைவாகப் பேசும் மொழிகளுக்கானது. தோடர் மொழிக்கும் கோத்தர் மொழிக்கும் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது. “நீங்க லட்சத்துக்கு மேல இருக்கீங்களே” என்றார் அதே எழுத்தர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் என்ன மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாமா என்று தோன்றியது. தமிழில்தான் போடுகிறார்கள்.

சரி, கைப்பேசி இருக்கிறதே என்று அதிலேயே பதிந்தேன். ஹெத்தெ அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாள். தன் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் சிறுத்தை மாட்டுக் கொட்டகைக்குள் வந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னாள். மாடு கத்தியது, கொட்டகைக் கதவு சாத்தியது, அவள் அப்பா தீப்பந்தம் தேடியது எல்லாம் குரலிலேயே வந்தது. அதை, கோப்பைச் சிறிதாக்க ஒலியில் ஒரு பகுதியை விட்டுவிடும் எம்பி3யாகத்தான் சேமித்திருந்தேன். காப்பகம் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு மட்டும்தான் வாங்கும் என்று பிறகு தெரிந்ததும், ஒரு மென்பொருளில் போட்டு வேவாக மாற்றி அனுப்பிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, கூடவே ஒரு படமும். என் பதிவின் ஒலி அலைகளை வரைந்து பார்த்திருக்கிறார்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் கத்தியால் வெட்டியது போல வெறுமை. எம்பி3 ஒரு தடவை தூக்கி எறிந்ததை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெட்கமாக இருந்தது.

அதனால் முதல் நாளிலிருந்தே வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி ஆகும், ஆகட்டும். கைப்பேசியில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது இரைச்சலோடு மெல்லிய ஓசைகளையும் சேர்த்து விழுங்கிவிடும். காதில் ஹெட்போன் இல்லாமல் பதியவே பதியாதீர்கள். நான் அப்படிப் பதிந்த ஒரு மாலை முழுக்கத் தகரக் கூரை மேல் மழை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது மழையே உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மழைதான் பேசுகிறது, ஹெத்தெ இடையிடையே குறுக்கிடுகிறாள்.

கடன் வாங்கிய நல்ல கருவியோடு சிறுத்தைக் கதையை மறுபடி கேட்டேன். “அதான் அன்னைக்கே சொன்னேனே” என்ற பொருளில் ஏதோ முனகிவிட்டு, ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டாள். சிறுத்தை வந்தது, போனது, அவ்வளவுதான். முக்கால் மணி நேரக் கதை இப்போது எம்பி3யில் மட்டும்தான் இருக்கிறது. இந்த மொத்த விவகாரத்தில் எனக்கு இன்னும் ஆறாத இடம் அதுதான்.

அடுத்தது ஒப்புதல் படிவம். இரண்டு பக்கம், ஆங்கிலம். வரி வரியாகப் படுகில் சொல்லிப் புரியவைத்துவிட்டு, கடைசியில் மை அட்டையை நீட்டினேன். ஹெத்தெ கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “எந்தத் தோட்டத்தை எழுதி வாங்கப் பார்க்கிறாய்?” கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள், அவளிடம் மை அட்டையை நீட்டியது என் முட்டாள்தனம். காப்பகத்துக்கு எழுதிக் கேட்டபோதுதான், வாய்மொழிச் சம்மதத்தைப் பதிந்து அனுப்பினாலே போதும் என்றார்கள். அதைப் படிவத்திலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். இப்போது அந்தச் சம்மதமும் ஒரு பதிவு, அதில் தோட்டத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.

ஒரு பதிவை மட்டும் பொதுவில் வைக்கவில்லை. சாவுச் சடங்கில் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போக்கும் பாட்டு அது. சின்னம்மா கேள்விப்பட்டதும் சத்தம் போட்டார்: வீட்டில் யாரும் சாகாதபோது அதை ஏன் பாட வைத்தாய்? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. குடும்பத்தின் அனுமதியோடு மட்டும் கேட்கலாம் என்ற பிரிவில் அதைப் பூட்டியாயிற்று. பெரும்பாலான காப்பகங்களில் கோப்புவாரியாக இப்படி வைக்க முடியும். சண்டை வந்த பிறகு தேடாமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈலான் என்ற இலவச மென்பொருளில் ஒலியோடு எழுத்தைக் கோப்பது ஒன்றும் கடினமில்லை. எழுத்துதான் கடினம். படுகுக்கென்று பரவலான எழுத்து கிடையாது, நான் தமிழில் எழுதினேன். வாய்க்கு ‘பே’ என்று எழுதினேன். வளையல் வந்தது, அதற்கும் ‘பே’. பயிர் வந்தது, அதற்கும் ‘பே’. தட்டச்சுப் பிழை என்று நினைத்து மறுபடி கேட்டேன். என் காதுக்கு மூன்றும் ஒன்றுதான்.

1930களில் நீலகிரியில் வேலை செய்த மொழியியலாளர் எமனோ, 1939இல் இதைத்தான் எழுதியிருக்கிறார். படுகில் ஐந்து உயிரொலிகளும் மும்மூன்று விதம்: நாக்கு நேராக, கொஞ்சம் மடிந்து, நன்றாக மடிந்து. உலக மொழிகளில் அபூர்வமான விஷயமாம். தமிழில் வாய், வளை, விளைச்சல் என்று வைத்துப் பாருங்கள். அந்த ‘ள’ எங்களிடம் தனி எழுத்தாக நிற்காமல் உயிருக்குள்ளேயே மடிந்துகொண்டது. என் தலைமுறையில் பலருக்கு அந்த மடிப்பே போய்விட்டது. தமிழெழுத்தை விட்டுவிட்டு, பன்னாட்டு ஒலியெழுத்தில் கொக்கிக் குறி போட்டு எல்லாவற்றையும் திருத்தினேன். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு ‘பே’க்கும் ஹெத்தெயிடம் போய்த்தான் எந்தப் பே என்று கேட்க வேண்டியிருந்தது.

கோப்புகளை ஏற்றியது ஒரே மதியத்தில் முடிந்தது.

கடிதம் வந்த சந்தோஷத்தில் ஊருக்குப் போய், ஹெத்தெ முன்னால் உட்கார்ந்து மூன்றையும் சொல்லிக் காட்டினேன். அவள் என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வளையலை ஆட்டிக் காட்டி, இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டாள்.

“நீ சொல்றது மூணும் வாய்தான்.”