சங்கீதம் 24:1 – எட்டுச் சொல்லும் ஒரு லாமெத்தும்: எபிரெயத்தில் படித்துப் பார்த்த பதிவு

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வசனம். தமிழ் பைபிளில் "பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்று இருக்கும் 24ஆம் சங்கீதத்தின் முதல் வரி. எபிரெயத்தில் தலைப்பையும் சேர்த்து எட்டே சொற்கள்:

லெதாவித் மிஸ்மோர் / லதோனாய் ஹாஆரெட்ஸ் ஊம்லோஆஹ் / தேவேல் வெயோஷ்வே வாஹ்

எபிரெய எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தால் போதும், இலக்கணம் கரைகண்டிருக்க வேண்டியதில்லை. ஆறு அமர்வு, அமர்வுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மட்டும் இரண்டு நாள் இழுக்கும்.

கையில் வேண்டியவை: உயிர்க்குறி போட்ட எபிரெயப் பாடம், ஒரு அகராதி, தமிழ் பைபிள், பென்சில். பாடம் எந்தச் சுவடியிலிருந்து வந்தது என்று முன்னுரையில் பார்த்துவிடுவது நல்லது. படிப்பாளர்கள் கையாளும் அச்சுப் பதிப்புகளில் பெரும்பாலானவை 1008இல் எழுதப்பட்ட லெனின்கிராட் சுவடியை ஒட்டியவை. அதைவிடப் பழையதும் பேர்போனதுமான அலெப்போ சுவடியில் 15ஆம் சங்கீதம் தொடங்கி 25இன் தொடக்கம் வரையுள்ள ஏடுகள் தொலைந்துவிட்டன. 24ஆம் சங்கீதம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அலெப்போவைப் பின்பற்றும் பதிப்பிலும் இந்தப் பக்கம் வேறு சுவடிகளைக் கொண்டு நிரப்பியதுதான். இணையத்தில் செஃபாரியா தளம் போதும், உயிர்க்குறி தெரியும்படி வைத்துக்கொண்டால்.

அமர்வு 1: வாய்விட்டுப் படித்தல்

முதல் தடுமாற்றம் மூன்றாவது சொல்லில். அங்கே எழுதியிருப்பது யோத்-ஹே-வாவ்-ஹே என்ற நான்கெழுத்துத் திருப்பெயர்; யூத மரபில் வாசிப்பது 'அதோனாய்'. முன்னால் லாமெத் ('ல்' ஒலி தரும் எபிரெய எழுத்து) சேரும்போது அலெஃபின் ஒலி அமுங்கி 'லதோனாய்' ஆகிவிடும். லாமெத்தின் கீழே 'அ' குறி இருப்பதற்குக் காரணமும் அதுவே. எழுத்தைப் பார்த்து 'லெயெகோவா' என்று கூட்டினால் பக்கத்தில் இல்லாத உயிரைப் படித்ததாகும். வழிபாட்டுக்கு வெளியே, பாடமாகப் படிக்கும் யூதர்கள் பலர் 'ஹஷேம்' (அந்தப் பெயர்) என்றே சொல்வார்கள். அப்போது இது 'லஷேம்'.

தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிப்பவருக்கு இன்னொரு வம்பு. 'மிஸ்மோர்' (பாட்டு) என்று எழுதினாலும் நடுவில் இருப்பது ஸாயின், அதிர்கிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்தே இல்லை. 'தேவேல்' (உலகம்) என்பதிலும் இரண்டு கோளாறு. தொடக்கத்தில் இருப்பது தாவ். அதற்குப் பதில் தேத் என்ற எழுத்தைப் போட்டால், தசமபாகம் பிரிக்காத விளைச்சலைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும். காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். உயிரை மாற்றி இரண்டையும் குறில் 'எ' ஆக்கினால் லேவியராகமம் 18:23இல் வரும் 'தெவெல்', அருவருப்பான முறைகேடு. நம் சொல்லில் இரண்டும் நெடில், அழுத்தம் கடைசி அசையில். உயிர்க்குறி இல்லாத பாடத்தில் இதைத் தொடங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

நிறுத்தும் இடங்களைச் சந்தக்குறிகள் காட்டும். யோபு, நீதிமொழிகள், சங்கீதம் மூன்றுக்கும் குறிமுறையே தனி. ஆதியாகமத்துக்குப் போட்ட அட்டவணையை இங்கே வைத்தால் பொருந்தாது. 'மிஸ்மோர்' மேல் பெரிய நிறுத்தம்: தலைப்பு முடிந்தது. 'ஊம்லோஆஹ்' அடியில் கூரைபோல் ஒரு சிறு குறி, அத்னாஹ்: முதல் பாதி முடிந்தது. தமிழ் மொழிபெயர்ப்பில் "நிறைவும்," என்று காற்புள்ளி விழுவதும் சரியாக அங்கேதான். ஆக இரண்டு, மூன்று, மூன்று. இந்தக் கணக்கில் படித்தால் பத்தாவது முறையில் மனப்பாடமாகிவிடும்.

அமர்வு 2: அகராதியில் தேடுதல்

'ஆரெட்ஸ்' என்று தேடினால் கிடைக்காது. 'எரெட்ஸ்' (பூமி, தேசம்) என்று தேட வேண்டும். 'ஹா' என்ற சுட்டு ஒட்டும்போது முதல் உயிர் நீண்டுவிடுகிறது. 'ஊம்லோஆஹ்' சொல்லை மூன்றாக உரிக்க வேண்டும்: ஊ (உம்), ம்லோ (நிறைவு), ஆஹ் (அதின்). 'உம்' பொருள் தரும் வாவ் வழக்கமாக 'வெ'. பின்னால் மேம் வந்தாலோ, அடுத்த எழுத்தின் கீழ் ஷ்வா (உயிர் அமுங்கியதைக் காட்டும் இரட்டைப் புள்ளி) இருந்தாலோ 'ஊ' ஆகும். இங்கே இரண்டுமே உண்டு. 'வெயோஷ்வே'யில் இரண்டும் இல்லை, அதனால் 'வெ'.

1906இல் வெளிவந்த பிரௌன்-டிரைவர்-பிரிக்ஸ் அகராதியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது சொற்களை வேர்ச்சொல்வாரியாக அடுக்கியது. 'தேவேல்' விளக்கம் தாவ் எழுத்தில் இருக்காது, 'யாவல்' என்ற வேரின் கீழ் போட்டிருப்பார்கள். அட்டவணை இருந்தால் அதைப் பிடித்துப் போகலாம்.

கடைசி 'ஹே'க்குள் ஒரு புள்ளி இருக்கும், மப்பீக். 'ம்லோஆஹ்', 'வாஹ்' இரண்டிலும் உண்டு. கண்ணுக்குத் தூசி மாதிரி இருக்கும், அலைபேசித் திரையில் இன்னும் மோசம். புள்ளி இருந்தால் அந்த ஹே 'அவளுடைய, அதின்' என்று பொருள். எபிரெயத்தில் எரெட்ஸும் தேவேலும் பெண்பால். புள்ளி இல்லாவிட்டால் அது வெறும் நெடில் குறி. 'பூமியின் நிறைவு' என்ற உறவையே அந்தப் புள்ளிதான் தாங்கி நிற்கிறது. எழுத்தளவை 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்வது நல்லது.

அமர்வு 3: லாமெத்

வசனத்தின் மொத்தப் பாரமும் 'லதோனாய்' சொல்லின் முதல் எழுத்தில். 'பூமி', 'நிறைவு', 'உலகம்' என்று கனமான சொற்களை அகராதியில் பக்கம் பக்கமாகத் தோண்டிவிட்டு, 'சொந்தம்' என்ற பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பவர்கள் நிறைய. அப்படி ஒரு சொல்லே அங்கு இல்லை. வினைச்சொல்லும் இல்லை. லாமெத் மட்டும்.

தமிழருக்கு இது புரிவது எளிது. உடைமையைச் சொல்லத் தனி வினை இல்லாமல் நாமும் 'எனக்கு வீடு உண்டு' என்று நான்காம் வேற்றுமையை வைத்தே பிழைக்கிறோம். எபிரெயத்தில் அது 'யேஷ் லீ பாயித்'. ஆனால் இந்த எளிமையிலேயே ஒரு குழியும் இருக்கிறது. லாமெத் என்றால் 'கு' என்று பழகியவர் 'கர்த்தருக்குப் பூமி உண்டு' என்று பெயர்த்துவிடுவார். தவறு. 'யேஷ்' இங்கே இல்லை. பூமிக்கு 'ஹா' என்ற சுட்டு ஒட்டியிருக்கிறது. தெரிந்த ஒரு பொருளைக் காட்டி, இது யாருடையது என்று சொல்லும் அமைப்பு இது. 'வீடு உண்டு' வேறு, 'வீடு என்னுடையது' வேறு அல்லவா? "கர்த்தருடையது" என்ற பழைய மொழிபெயர்ப்பு சரியாகப் பிடித்திருக்கிறது. வரிசைதான் தலைகீழ். எபிரெயம் உரியவரை முன்னால் நிறுத்துகிறது. தமிழில் பயனிலை கடைசிக்குப் போகிறது. அந்த அழுத்தம் வேண்டுமென்றால் 'கர்த்தருடையதே' என்று ஏகாரம் போட்டுப் பார்க்கலாம்.

லாமெத் உடைமை காட்டும் என்பதற்கு இலக்கண நூலைவிட நல்ல சாட்சி மண்ணிலிருந்து கிடைத்தது. யூதாவில், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஜாடிக் கைப்பிடிகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, லாகீசில் மட்டுமே நூற்றுக்கணக்கில். சுடுவதற்கு முன்பே முத்திரை குத்தியது: 'லமெலெக்', அரசனுடையது. 1904இல் மெகிதோவில் கிடைத்த, சிங்கம் பொறித்த முத்திரையில் 'லெஷேமா எவேத் யாரோவ்ஆம்': யெரொபெயாமின் ஊழியன் ஷேமாவுடையது. பெயருக்கு முன் ஒரு லாமெத், வேறு வார்த்தை தேவையில்லை. இந்தக் கைப்பிடியைப் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வசனத்துக்குத் திரும்பினால், 'லதோனாய்' பூமிமேல் குத்திய முத்திரைபோலத் தெரியும். (லமெலெக் என்பது 'அரசனுடையது'தானா, 'அரசனுக்கு' வரியாகப் போவதா என்ற விவாதமும் உண்டு. அதே லாமெத்தின் குணம்.)

இப்போது தலைப்பைப் பார்க்க வேண்டும். 'லெதாவித்' முதலிலும் அதே லாமெத். தாவீது எழுதியதா, தாவீதுக்காக எழுதியதா, தாவீதின் தொகுப்பைச் சேர்ந்ததா, மூன்றுக்கும் அந்த எழுத்து இடம் தரும். ஒரே வரியில், ஒரு சொல் இடைவிட்டு, இரண்டு லாமெத்; ஒன்றை ஆசிரியர் என்றும் இன்னொன்றை உடைமை என்றும் பெயர்க்கிறோம். 23ஆம் சங்கீதத்தின் தலைப்பு 'மிஸ்மோர் லெதாவித்', 24இல் புரட்டிப்போட்டு 'லெதாவித் மிஸ்மோர்'. இலக்கணப்படி வித்தியாசம் இல்லை. யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் (பெசாகிம் 117அ) விடவில்லை: பெயர் முன்னால் வந்தால் முதலில் தெய்வப் பிரசன்னம் இறங்கி, பிறகு பாட்டு, 'மிஸ்மோர்' முன்னால் வந்தால் முதலில் பாட்டு, பிறகு பிரசன்னம். இதை இலக்கண விதியாக எழுதிக்கொள்ளக் கூடாது; உரை மரபு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமர்வு 4: ஒத்த இடங்கள்

எழுத்துத் தேடலில் 'ஊம்லோஆஹ்' சொல்லை நம் வசனத்தில் உள்ளபடி, நடுவில் வாவ் போட்டுத் தேடினால் பாதிதான் வரும். உபாகமம் 33:16, சங்கீதம் 50:12, மீகா 1:2 ஆகிய இடங்களில் அதே சொல் வாவ் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு விதமாகவும் தேட வேண்டும். சங்கீதம் 89இல் இன்னொரு சிக்கல்: எபிரெயத்தில் தலைப்புக்குத் தனி எண் உண்டு, ஆகவே இந்தச் சொல் வரும் வசனம் அங்கே 12, தமிழில் 11. 24ஆம் சங்கீதத்தில் தலைப்பு முதல் வசனத்துக்குள்ளேயே அடங்குவதால் எண் மாறாது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் சங்கீத எண்ணே 23.

'நிறைவு' என்றால் என்ன என்று இந்த இடங்கள் சொல்லிவிடும். எரேமியா 8:16இல் படை வந்து தேசத்தையும் அதின் நிறைவையும் 'தின்கிறது'. ஆமோஸ் 6:8இல் நகரமும் அதின் நிறைவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஆக, பூரணம், முழுமை என்ற தத்துவப் பொருள் இல்லை. உள்ளே இருக்கிற ஆள், மாடு, தானியம், சாமான். சங்கீதம் 98:7இன் பின்பாதி நம் வசனத்தின் பின்பாதியேதான், எழுத்து பிசகாமல். அங்கே முதல் பாதியில் கடல் வருகிறது. கடல் ஆண்பால் என்பதால் 'ம்லோஓ'.

அமர்வு 5: குடிகள்

'யோஷ்வே' வேர் யாஷவ்: உட்கார், தங்கு, குடியிரு. தமிழில் 'இரு' செய்யும் வேலையேதான். இருக்கையும் அதிலிருந்து, குடியிருப்பும் அதிலிருந்து. சொல்லின் வடிவம் கொஞ்சம் விசித்திரம். 'யோஷ்வே' அடுத்த பெயரோடு ஒட்டி நிற்க வேண்டிய வடிவம். இங்கே பெயருக்குப் பதில் 'வாஹ்', அதாவது 'அதில்' வருகிறது. 'யோஷ்வீம்' என்று எதிர்பார்த்து, அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம். கவிதையில் நடக்கிறது. முன்சொல் உயிரில் முடிவதால் 'பாஹ்' மென்மையாகி 'வாஹ்' ஆனது.

உண்மையான சரக்கு லேவியராகமம் 25:23இல். நிலத்தை அறுதியாய் விற்கக் கூடாது, 'கீ லீ ஹாஆரெட்ஸ்', ஏனென்றால் தேசம் என்னுடையது. நீங்கள் பரதேசிகளும் புறக்குடிகளும். 'லீ' (என்னுடையது) என்பது 'லதோனாய்' சொல்லின் முதல் 'ல'வின் உடன்பிறப்பு, அதே லாமெத். 'புறக்குடி' என்பதற்கு எபிரெயம் 'தோஷாவ்', அதே யாஷவ் வேர். சங்கீதத்தில் குடிகள், லேவியராகமத்தில் புறக்குடிகள். எபிரெயத்தில் வேர் ஒன்று, தமிழிலும் 'குடி' ஒன்று. அந்த மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே செய்தாரோ தானாக அமைந்ததோ, கச்சிதம்.

இங்கே ஒரு கேள்வி வரும். லேவியராகமத்தில் 'ஆரெட்ஸ்' இஸ்ரவேல் தேசம். சங்கீதத்தில் தேசமா, பூமி முழுவதுமா? இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி பிரிக்கிறார்: ஹாஆரெட்ஸ் இஸ்ரவேல் தேசம், தேவேல் மற்ற நாடுகள். இரண்டு சொல் ஏன் என்பதற்கு அது அழகான விடை. ஆனால் 2ஆம் வசனம் கடல்கள்மேல் அஸ்திபாரம் போட்டதைப் பேசுகிறது. ஒரு நாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே பொருளை இரு சொல்லால் அடுக்கும் எபிரெயக் கவிதை வழக்கம் என்று எடுப்பதே வலுவானது. தேவேலுக்குச் சுட்டு ஒட்டவில்லையே என்று வாதம் வளர்க்கவும் வேண்டாம். அந்தச் சொல் எங்குமே சுட்டு ஏற்பதில்லை.

அமர்வு 6: வசனம் புழங்கிய இடங்கள்

யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா (தாமித் 7:4) சொல்வது, ஆலயத்தில் லேவியர் வாரத்தின் முதல் நாள் பாடியது இந்தச் சங்கீதம். செப்துவஜிந்தின் தலைப்பிலும் 'வாரத்தின் முதல் நாளுக்குரியது' என்று ஒட்டியிருக்கிறது. இன்றும் யூதர்களின் ஞாயிறு காலை வழிபாட்டில் இதுவே அந்நாளின் சங்கீதம்.

பவுல் 1 கொரிந்தியர் 10:26இல் இதை எடுத்தாள்வது கடையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்பதற்கு. லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் முகப்பிலும் இந்த வரி பொறித்திருக்கிறது, வியாபாரிகள் வாங்கி விற்கக் கட்டிய கட்டடத்தின் நெற்றியில்.

தல்மூத் (பெராகோத் 35அ-ஆ) இதைச் சோற்றுத் தட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறது. ஆசி சொல்லாமல் உலகத்தில் எதையும் அனுபவிப்பது, தெய்வத்துக்கு நேர்ந்த பொருளைக் கையாடியதற்குச் சமம். ரபி லேவி கேட்கிறார்: இங்கே பூமி கர்த்தருடையது, 115:16இல் பூமியை மனுஷருக்குக் கொடுத்தார். எது சரி? விடை: இது ஆசிக்கு முன், அது ஆசிக்குப் பின். இரண்டு வசனத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தால் அங்கேயும் லாமெத் நிற்கிறது: 'நாதன் லிவ்னே ஆதாம்', மனுபுத்திரருக்குக் கொடுத்தார். அங்கே கொடை பெறுபவரைக் காட்டும் 'கு', இங்கே உரியவரைக் காட்டும் 'உடையது'.

மீதி இருப்பது 2ஆம் வசனம். 'கீ ஹூ' (ஏனென்றால் அவரே) என்று தொடங்கி, உரிமைக்குக் காரணம் சொல்கிறது. முதல் வினை 'யெஸாதாஹ்' (அதற்கு அஸ்திபாரம் போட்டார்), முடிவில் மறுபடி அந்த ஹே-புள்ளி.