சுண்டைக்காய் பிஸ்டலும் சுமைகூலியும்

இரண்டு முறை நண்பரின் ஏர்சாஃப்ட் பிஸ்டலை, அதாவது ஒருவரையொருவர் பிளாஸ்டிக் குண்டால் சுட்டு ஆடும் விளையாட்டுத் துப்பாக்கியை, இரவல் வாங்கி ஆடினேன். மூன்றாவது முறை கேட்டபோது கொடுத்தார்தான், ஆனால் முகம் லேசாகச் சுருங்கியது. சரி, நமக்கென்று ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான். கையில் இருந்ததோ சின்னத் தொகை. பணம் குறைவாக இருந்தால் தேர்வு சுலபம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது.

ஸ்பிரிங்கில் ஓடும் பிஸ்டல்கள்தான் இருப்பதிலேயே மலிவு. ஒவ்வொரு முறையும் ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பாகம்) கையால் இழுக்க வேண்டும். காகிதத்தில் குறி பார்க்க அது போதும், ஆட்டக்களத்தில் நாம் இரண்டாம் முறை இழுப்பதற்குள் எதிராளி நம் கதையை முடித்துவிடுவார். பேட்டரி பிஸ்டல் குளிரிலும் சோம்பாமல் வேலை செய்யும், ஆனால் சுடும் உணர்வே இருக்காது. மிச்சம் இருந்தது கேஸ். அதிலும் இரண்டு வழி. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியை மேகசினுக்குள் (குண்டும் கேஸும் நிரப்பிப் பிடியில் செருகும் பெட்டி) வைப்பது ஒன்று, டப்பாவிலிருந்து கிரீன் கேஸை மேகசினுக்குள் அடித்து நிரப்புவது மற்றொன்று. கிரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன்தான், கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய் கலந்திருக்கும். நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. 20 டிகிரி வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் சுமார் 8 பார் (அழுத்தத்தின் அலகு). குப்பிக்குள் கார்பன் டை ஆக்சைடுக்கு 57 பார். மேகசின் வால்வு வழியாக அது அப்படியே முழுதாக வெளியே வராது என்றாலும் அடி பலமாகவே விழும். மலிவான பிஸ்டலின் உள்பாகங்கள் அந்த அடியை எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்துவிட்டு கிரீன் கேஸ் பக்கம் போனேன்.

எந்த மாடல் என்பதில்தான் சபலம் வந்தது. ஒன்றின் தோற்றம் மனதைப் பிடித்து ஆட்டியது. வாங்கும் முன், சீக்கிரம் தேயக்கூடியவை அல்லது கூடுதலாகத் தேவைப்படுபவை என்று நண்பர் சொன்ன ஐந்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்: ஹாப்-அப் ரப்பர் (குண்டைச் சுழலவிடும் உறை), நாசில் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் மூக்கு), மேகசின் கேஸ்கெட் (கசிவை அடைக்கும் ரப்பர்), ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுவது), கூடுதல் மேகசின். ஒவ்வொன்றும் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடினேன். ஆசைப்பட்ட மாடலுக்குக் கூடுதல் மேகசின்கூட எங்கும் இல்லை. அழகு இருந்து என்ன செய்ய?

கடைசியில் ஹை-கேப்பா 5.1 வகையில் வந்து நின்றேன். டோக்கியோ மாருயி வடிவமைத்த பிஸ்டல் அது. அதே அளவுகளில் பல நிறுவனங்கள் க்ளோன் (நகல்) செய்கின்றன, உதிரி பாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான் வாங்கியது உலோக ஸ்லைடு உள்ள ஒரு க்ளோன். ஒரு எச்சரிக்கை: 'மாருயிக்குப் பொருந்தும்' என்று உறையில் எழுதியிருந்தால் க்ளோனுக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. எனக்கு ஒரு பாகத்தை அரம் வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

பெட்டி வந்த அன்றே ஒரு அசம்பாவிதம். பிபி எனப்படும் பிளாஸ்டிக் குண்டுகளை நிரப்பிச் சில முறை சுட்டுவிட்டு மேகசினைக் கழற்றினேன். கேஸ் மேகசினில்தானே இருக்கிறது, கழற்றியாயிற்று, ஆபத்தில்லை என்ற நினைப்பு. அப்புறம் ஸ்லைடு அடிக்கும் சத்தத்தைக் கேட்கும் ஆசையில், கேஸ் மட்டும் நிரப்பிய இரண்டாவது மேகசினைச் செருகி டிரிகரை அழுத்தினேன். முதல் மேகசினிலிருந்து ஏறிய ஒரு குண்டு சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் குண்டு தங்கும் இடம்) உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி போயிற்று. என் கண்ணும் வெறுங்கண்தான், பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. அன்றிலிருந்து மேசை வேலையாக இருந்தாலும் முதலில் கண்ணாடி, பிறகு மேகசினைக் கழற்றுவது, பிறகு ஸ்லைடை இழுத்துச் சேம்பரைப் பார்ப்பது. (பிபி என்றால் ரத்த அழுத்தம் என்றே பழகிய வீட்டில், அன்று இரண்டு பிபியும் பறந்தன.)

அடுத்த வாரம் முறையாகச் சோதித்தேன். 10 மீட்டர் தூரம், கையைத் தலையணையில் ஊன்றி 10 குண்டு. துளைகள் 22 செ.மீ. அகலத்துக்குச் சிதறியிருந்தன. உடனே என்ன செய்தேன்? படித்ததை எல்லாம் மறந்துவிட்டு, பார்க்க மினுமினுப்பாக இருந்த 6.01 மி.மீ. உள் குழலை வாங்கினேன். பிபி குண்டின் விட்டம் சுமார் 5.95 மி.மீ., குழல் இறுக்கமாக இருந்தால் குண்டு நேராகப் போகும் என்பது என் கணக்கு. பிஸ்டல் விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போனது. சிதறல் 22-லிருந்து 20 செ.மீ. ஆனது, அவ்வளவுதான். அதோடு மலிவு குண்டு ஒன்று நடுவில் சிக்கிக்கொண்டது. உருட்டிப் பார்த்தால் அதில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வார்ப்பு விளிம்பு.

குண்டுகளைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். 0.20 கிராமிலிருந்து நல்ல தரமான 0.28 கிராமுக்கு மாறியதும் சிதறல் 15 செ.மீ. ஆனது. பிஸ்டலில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. கனமான குண்டைக் காற்று அவ்வளவு எளிதில் தள்ளாது. தரையில் விழுந்ததைப் பொறுக்கித் திரும்பப் போடும் சிக்கனத்தையும் அன்றோடு விட்டேன். ஒரு மண்துகள் போதும், குழலின் உட்புறத்தில் கோடு விழுந்துவிடும்.

மிச்சக் கோளாறு ஹாப்-அப் ரப்பரில் இருந்தது. குழலின் பின்முனையில் மாட்டியிருக்கும் விரல் நுனி அளவு ரப்பர் உறை அது. அதன் மேற்புறத்தில் உள்நோக்கி ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். குண்டு கடக்கும்போது அதன் உச்சியை அந்தப் புடைப்பு உரசிப் பின்பக்கமாகச் சுழலவிடும். சுழலும் குண்டின் மேல் பக்கம் காற்று வேகமாகவும் கீழ்ப் பக்கம் மெதுவாகவும் ஓடுவதால் குண்டு மேலே தாங்கப்படுகிறது. மேக்னஸ் விளைவு என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதுதான். இந்தச் சுழற்சி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரி கிடைக்காவிட்டால், குழல் தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் பயனில்லை.

பிரிப்பது பயந்த அளவுக்குக் கடினமில்லை. ஸ்லைடைப் பின்னால் இழுத்து அதன் பள்ளம் ஸ்லைடு ஸ்டாப் என்ற பூட்டு ஊசிக்கு நேராக வந்ததும், அதை மறுபக்கமிருந்து தள்ளினால் ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்றுவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆனாலும் சேம்பரின் இரண்டு பாதிகளைப் பிரித்தபோது ஒரு துக்கடா பாகம் துள்ளி ஓடியது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினேன். என் சட்டை மடிப்பில் இருந்தது. இப்போதெல்லாம் கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்கிறேன்.

ரப்பரை உருவியதும் குற்றவாளி யார் என்று தெரிந்தது. நான்தான். பராமரிப்பு என்ற பெயரில் சிலிக்கான் ஸ்பிரேயைக் குழலுக்குள் தாராளமாக அடித்திருந்தேன். ரப்பர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. குண்டை உரசிச் சுழற்ற வேண்டிய இடம் வழுக்கிக்கொண்டிருந்தது. குழலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால், துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். புதிதாக வாங்கிய 60 டிகிரி கடினத்தன்மை உள்ள ரப்பரைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து மாட்டினேன். முதல் தடவை மாட்டியபோது எல்லாக் குண்டும் வலப்பக்கம் வளைந்தது. ரப்பர் இம்மியளவு திரும்பியிருந்தது. புடைப்பு குழலில் வெட்டியிருக்கும் சன்னல் போன்ற திறப்புக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். திரும்பக் கழற்றிச் சரிசெய்து, காற்றுக் கசியாமல் இருக்கக் குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை மெல்லிசாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றினேன். ரப்பர் படிய நூறு, இருநூறு குண்டுகள் ஆயின. அப்புறம் அதே 10 மீட்டரில் 8 செ.மீ. பழைய குழலையே மறுபடி மாட்டியும் பார்த்தேன். 9 செ.மீ. வந்தது. அந்த மினுமினுப்புக் குழலைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

மேகசின் கசிவு தனிக் கதை. இரவு நிரப்பி வைத்தால் காலையில் காலி. தண்ணீரில் முக்கினேன், அடித்தட்டின் ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்தது. கேஸ் முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும், இதில் அவசரம் ஆகாது. உள்ளே கேஸ்கெட் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. புதியதைப் போட்டு, வால்வின் ஓ-ரிங்குக்கும் ஒரு சொட்டு கெட்டியான சிலிக்கான் எண்ணெய் விட்டேன். எண்ணெய் போக வேண்டிய இடம் இதுதான், குழல் இல்லை. துரு நீக்கும் பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும், அவற்றைத் தொடவில்லை. இப்போது எடுத்து வைக்கும்போது மேகசினில் கொஞ்சம் கேஸ் விட்டே வைக்கிறேன், ரப்பர் காயாமல் அழுத்தத்தில் நிற்கிறது.

இதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஸ்லைடு சுறுசுறுப்பாக முன்னுக்கு வரட்டும் என்று, வழக்கமானதைப் போல் ஒன்றரை மடங்கு விறைப்பான 150 சதவீத ரீகாயில் ஸ்பிரிங்கை மாட்டினேன். அந்த ஸ்பிரிங்கை முழுசாக அழுத்த கேஸால் முடியவில்லை. ஸ்லைடு பாதி தூரம் போய்த் திரும்பியது, அடுத்த குண்டு ஏறவில்லை. 120 சதவீதத்துக்கு இறங்கியதும் ஒழுங்காக ஓடியது. அன்று ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். உதிரி பாகங்களும் கூடுதல் மேகசின்களும் சேர்ந்து பிஸ்டலின் விலையைத் தாண்டியிருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

களத்தில் குண்டின் ஆற்றலுக்கு எங்கள் எல்லை 1 ஜூல். ஆட்டத்துக்கு முன் எல்லாருடைய பிஸ்டலையும் குண்டின் வேகத்தைக் காட்டும் குரோனோகிராஃபில் வைத்து அளப்பார்கள். புதிதாக வாங்கியபோது 0.20 கிராம் குண்டில் என்னுடையது விநாடிக்கு 94.5 மீட்டர் காட்டியது, அதாவது 0.89 ஜூல். இப்போது 0.28 கிராமில் 83.8 மீட்டர். வேகம் குறைந்துவிட்டது, நாம் பத்திரம் என்று நினைத்தேன். அளப்பவர் கணக்குப் போட்டு 0.98 என்றார். கனமான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருப்பதால் கேஸ் அதை அதிக நேரம் தள்ளுகிறது, வேகம் குறைந்தாலும் ஆற்றல் ஏறுகிறது. ரப்பரும் டேப்பும் கசிவை அடைத்ததில் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். எந்த எடைக் குண்டால் ஆடுகிறோமோ அதை வைத்தே அளக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது சரிதான்.

நல்ல வெயிலடித்த ஒரு நாளில் அதே குண்டு, அதே பிஸ்டல் 86.6 மீட்டர் காட்டியது. 1.05 ஜூல். சூட்டில் கேஸின் அழுத்தம் ஏறியிருக்கிறது. முதல் சுற்று முழுக்க என்னை வெளியே உட்காரவைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் 134ஏ என்ற வேறு வகை கேஸ் டப்பாவை நீட்டினார். அழுத்தம் புரொப்பேனைவிடக் குறைவு. குளிர்நாளில் உலோக ஸ்லைடை அது சோம்பேறியாக்கிவிடும், அந்த வெயிலுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் அளந்தபோது 0.8-க்குக் கீழே நின்றது. இரவல் கொடுத்து முகம் சுருங்கிய அந்த நண்பர், ஆட்டம் முடிந்ததும் என் பிஸ்டலை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த ரப்பர் எத்தனை டிகிரி என்று கேட்டார்.